அவள் நீந்தித்தான் கரையேறினாள்

கல்லிடைக்குறிச்சியில் நடக்கும் அந்த நாவலைப் படமாக்கியிருக்கிறார்கள் அல்லவா? பார்த்துவிட்டு இப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கினேன். இன்னும் கோபம் ஆறவில்லை.

1910களில் நடக்கும் கதை. பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக்க, நாவலில் கதாநாயகி வெள்ளம் புரளும் தாமிரபரணியில் குதித்து, தனியாக நீந்தி அக்கரை சேருகிறாள். படத்தில் பாதி ஆற்றிலேயே மூழ்குகிறாள். நாவலில் இல்லவே இல்லாத ஒருவன் பாய்ந்து வந்து தூக்குகிறான்.

பஸ்ஸில் முன்சீட்டு அண்ணாச்சியும் அதே ஷோ பார்த்துவிட்டு வந்தவர்தான். "அவன் தூக்கும்போது எனக்குக் கண்ணு கலங்கிட்டும்மா" என்றார்.

"எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு அண்ணாச்சி. தெனமும் படித்துறையில குளிச்சு வளந்த பிள்ளை எப்படி முங்குவா?"

"அவளே நீந்திட்டா பொறவு ஹீரோ எதுக்கு?"

"கரையில நின்னு தலை துவட்டத் துண்டு குடுக்கட்டும்."

பெண்கள் பக்கம் சீட்டெல்லாம் சிரித்தது. அவர் விடவில்லை.

"பேசுதது லேசு. நீ நீந்துவியாம்மா?"

"நான் நீச்சல் படிச்சதே அந்த ஆத்துலதான் அண்ணாச்சி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துறைக்குப் போகிறேன். யாரெல்லாம் வருகிறீர்கள், சொல்லுங்கள். படத்தின் டைரக்டரும் தாராளமாக வரலாம். மூழ்கினால் தூக்கிவிட நாங்கள் இருக்கிறோம்.