டிரம்ஸுக்கு ஆள் தேவை

எங்கள் பாட்டுக் குழு உடையப் பார்த்த கதை இது. டிரம்ஸ்காரர் வாசித்த வேகத்துக்கு யாராலும் பாட முடியவில்லை. சண்டை முற்றி அவர் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால் குழுவையே மூட வேண்டியதுதான்.

நான் நூல் வியாபாரி, வேறு வழி தெரியாது. எங்கள் ஊர் பனியன் கம்பெனிகள் டெய்லர் வேலைக்கு ஆள் கேட்டுக் கட்டுவது போல, கரண்டு கம்பத்தில் "டிரம்ஸுக்கு ஆள் தேவை" என்று அட்டை கட்டினேன்.

இன்று கடைக்குத் தூத்துக்குடிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். இங்கே கம்பெனி வேலைக்கு ஜோடியாகச் சேர்வதுதானே வழக்கம்!

"அண்ணே, ரெண்டு பேருக்கும் வேலை தந்தாத்தான் சேருவோம்" என்றார் அந்த அம்மா.

"ஏனுங்க, இது பாட்டுக் குழுங்க. நீங்க பாடுவீங்களா?"

"சுத்தமா வராதுண்ணே."

"அப்புறம் உங்களுக்கு என்னங்க வேலை?"

"மொதல்ல இவரை வாசிக்கச் சொல்லுங்க, தெரியும்."

குடோனில் கிடந்த டிரம்ஸ் முன்னால் கணவர் உட்கார்ந்தார். அருமையான கை. கொஞ்ச நேரத்தில் வேகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. போச்சு, இவரும் அதே ரகம்தான் என்று நினைத்தேன்.

அந்த அம்மா லேசாக இருமினார். வேகம் அடங்கித் தாளத்துக்கு வந்துவிட்டது. மனுஷன் மனைவியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

இருவரையும் சேர்த்துக்கொண்டேன். மேடையில் அந்த அம்மாவுக்கும் ஒரு நாற்காலி உண்டு.

எனக்கு ஒரே கவலைதான். கல்யாணத்தன்று அந்த அம்மாவுக்கு நிஜமாகவே சளி பிடித்து இருமல் நிற்காவிட்டால்? நல்ல கஷாயம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.