மார்த்தாவின் துளிக் கணக்கு

இந்த ஊரில் வானம் மூடினால் மனிதர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இங்கே குடிவந்த முதல் வாரம், ரொட்டிக் கடைக்காரர் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து, "சாரி அபௌட் த வெதர்" என்றார். என்னவோ அவரே போய் மேகத்தை ஓட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி. தென்காசியில் ஆனி மாதம் செங்கோட்டைப் பக்கமிருந்து மேகம் இறங்கிச் சாரல் தொடங்கினால், முன்பின் தெரியாதவர்கூட, "அருவில தண்ணி விழுந்துட்டாம்லா!" என்று வழிமறித்துச் சொல்வார். மேகத்துக்காக வருத்தம் தெரிவிக்கிற ஊருக்கு மேகத்தை எண்ணிச் சம்பளம் வாங்க வந்திருந்தேன்.

மேகத்தை எண்ணுவது என்றால் அதிலுள்ள நீர்த்துளிகளை எண்ணுவது. மலையுச்சியில் எங்கள் ஆய்வுக்கூடம். அதன் கூரைமேல் ஒரு கருவி. மெல்லிய லேசர் ஒளியின் குறுக்கே மேகக்காற்றை இழுத்து, ஒவ்வொரு துளியும் கடக்கும்போது சிதறும் வெளிச்சத்தை வைத்து, துளி ஒன்று, அளவு இவ்வளவு என்று குறித்துக்கொள்ளும். இன்றும் அதைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். ஆனால் மேகம் அடர்ந்துவிட்டால் திணறும். இரண்டு துளிகள் ஒட்டினாற்போலக் கடந்தால் ஒரு பெரிய துளி என்று எழுதிவிடும். ஒன்றைக் கணக்கிடும் நேரத்தில் வரும் இன்னொன்றைக் கோட்டைவிட்டுவிடும். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் மெயினருவிக்கு எதிரே நின்று குளிக்கிறவர்களின் தலையை எண்ணிப் பாருங்கள், அதன் கஷ்டம் புரியும். அந்தத் தவறு எவ்வளவு என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் என் வேலை.

எங்கள் தலைவி மார்த்தா ஐம்பதைத் தாண்டியவர். அந்த மலையின் மேகங்களில் துளிகள் குறைவு, ஆனால் பெரியவை என்று எழுதிப் பெயர் வாங்கியவர். கருவி கோட்டைவிட்டதையெல்லாம் சேர்த்து நான் கணக்குப் போட்டபோது, அந்தக் 'குறைவு'க்கும் அந்தப் 'பெரியவை'க்கும் பெரும்பாலும் கருவிதான் காரணம் என்று வந்தது. இலையுதிர் காலத்து மாநாட்டில் அதே எண்களை மறுபடி பேச இருந்தார் மார்த்தா. என் ஒப்பந்தமும் அதோடு முடிகிறது. நீட்டிக்கிற கையெழுத்து அவருடையது.

பெரியவர்களின் தவற்றைச் சொல்ல எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. அப்பா தென்காசியில் கட்டட காண்டிராக்டர். அவர் நூல் பிடித்துக் கொடுத்த சுவர் சாய்ந்தால், கொத்தனார் இசக்கி அதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். "அண்ணாச்சி, நான் நிக்கித இடம் கோணலோ என்னமோ, எனக்கு ஒரு மாதிரி தெரியுது" என்பார். அப்பா வந்து பார்ப்பார். "கண்ணத் தொறந்து வேலையப் பாரும்வே" என்று இசக்கியை அதட்டிவிட்டு, மேலே இரண்டு செங்கல் வரியைப் பிரித்துக் கட்டச் சொல்வார். எல்லாருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள்.

நானும் அப்படியே மார்த்தாவிடம் போய், "நான் எங்கோ தவறு செய்திருக்கிறேன் போல. துளிகள் அதிகமாக வருகின்றன" என்றேன்.

"டேக் யுவர் டைம்" என்றார் கனிவாக. "கண்டுபிடித்ததும் சொல்."

அதன்பின் பார்க்கும்போதெல்லாம், "உன் தவறு கிடைத்ததா?" என்று விசாரித்தார். கூட்டத்தில் மற்றவர்களிடம், அவன் தன் பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறான், தொந்தரவு செய்யாதீர்கள் என்று எனக்காகப் பரிந்தும் பேசினார். மாநாடு நெருங்கியது. வீட்டில் என் புலம்பலைக் கேட்டு அலுத்த என் மனைவி செண்பகம், தென்காசிக்குப் பக்கத்துப் பண்பொழிக்காரி, ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சுவரு கோணல்னு சொல்லாம நான் கோணல்னு போயி நின்னா, அந்தம்மா உங்களத்தான நிமித்தப் பாக்கும்? நேராச் சொல்லுங்க. வேல போனா மாமாகூட நின்னு செங்கல் எண்ணுங்க."

மறுநாள் மார்த்தாவின் அறைக்குப் போய், "தவறு என்னுடையதில்லை. உங்கள் எண்கள்தான் குறைவு" என்றேன்.

மார்த்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காட்டு" என்றார். மதியம்வரை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, "உன்னையும் நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். மேகத்தையே கேட்போம்" என்றார்.

அடுத்து மேகம் வந்து மூடிய நாட்களில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவரே கூரைமேல் ஏறினார். எண்ணெய் தடவிய சிறு கண்ணாடித் துண்டை மேகக்காற்றில் கண் இமைக்கும் நேரம் நீட்டி எடுத்து, அதில் பதிந்த துளிகளை மைக்ராஸ்கோப்பில் குனிந்து தானே எண்ணினார். மெல்லிய மேகத்தில் கண்ணாடியும் கருவியும் ஒத்துப்போயின. அடர்ந்த மேகத்தில் கருவி பின்தங்கியது. என் திருத்தத்தைச் சேர்த்ததும் மறுபடி ஒத்துப்போயிற்று. மார்த்தா நிமிர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாநாட்டில் தன் பழைய வரைபடத்தைத் திரையில் போட்டு, அதன்மேல் சிவப்பு மையால் கோடு கிழித்தார். "இது என்னுடையது. இது தவறு. திருத்தியவர் இவர்" என்று என் பெயரைத் திணறித் திணறி முழுதாகச் சொன்னார். எழுந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் நேராக நின்றார். அப்படியொரு தைரியத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சீசனில் ஊருக்கு வந்தபோது, ஐந்தருவிப் பக்கம் ஒரு டீக்கடையில் சாரலுக்கு ஒதுங்கி நின்று இதையெல்லாம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பெரிய மனுசிதாம்லே" என்றார் அப்பா. "ஆனா அத்தன பேரு முன்னால அந்தம்மாவத் தல குனிய வச்சிட்டியே."

அவர் குனியவே இல்லை, அதுதானே கதை. சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"எனக்குத்தான் சரியாச் சொல்லத் தெரியலப்பா."

அப்பா உடனே டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேங்கே, அப்படித்தானலே?" என்று சிரித்தார். "சரி, மொதல்லேருந்து சொல்லு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழுதும் கேட்டபின், "அடுத்த சீசனுக்கு அந்தம்மாவ இங்கன கூட்டியாலே, ரெண்டு வார்த்த பேசணும்" என்றார்.

கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியவன் நான். அப்பா "எனக்குத்தான் புரியல போலுக்கு" என்று ஆரம்பித்தால் அதை மார்த்தாவுக்கு எப்படிச் சொல்வது? மார்த்தா "அது தவறு" என்றால் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டும் என் குரலாகத்தான் இருக்கின்றன.