சாரிபெல் சாவடி அனிபாவும் எட்டு விநாடியும்

சாரிபெல் கணவாயின் அடிவாரத்தில், சமவெளி முடிந்து வளைவுகள் தொடங்கும் இடத்தில் ஒரு தகரச் சாவடி இருக்கிறது. அங்கே அடிக்கும் காற்று ஒருமுறை சாவடிக்காரி அனிபாவின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய், பக்கத்து மாவட்டத்தில் ஒரு மாப்பிள்ளையின் தலையில் வைத்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டேதான் கல்யாணம் செய்துகொண்டான். நம்பாதவர்கள் மணப்பெண்ணிடமே போய்க் கேட்கலாம்.

அனிபாவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபது வருடம் சாலையில் சிவப்புக் கொடி பிடித்தவள், இப்போது மைக் பிடிக்கிறாள். சமவெளியில் லாரிகள் தாமே ஓடுகின்றன. ஓட்டுநர்கள் கால் நீட்டித் தேநீர் குடிக்கிறார்கள். மலை வளைவு என்றால் இயந்திரத்துக்குப் பயம். சாவடிப் பக்கம் வந்ததும் மணியடித்து ஸ்டியரிங்கை மனிதனிடம் தள்ளிவிடும். எட்டு விநாடிக்குள் இரண்டு கையும் அதைப் பிடிக்காவிட்டால் நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். எல்லா லாரியும் ஒரே இடத்தில் கைமாறினாலும் ஆபத்து, ஒன்றன்மேல் ஒன்று மோதும். திரையில் ஊர்ந்து வரும் புள்ளிகளைப் பார்த்து, சாலையோரம் நட்ட எண் கம்பங்களில் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுவதுதான் அனிபாவின் வேலை.

"நீலத் தார்ப்பாய், நீ மூணாவது கம்பத்துல எடு. பின்னால வர்றவனே, உனக்கு அஞ்சாவது. என்ன அவசரம், பொண்டாட்டி வீட்டைப் பூட்டிட்டாளா?"

இந்த ஏற்பாடு வந்த வசந்தத்திலிருந்தே வாரத்துக்கு நாலைந்து லாரிகள் நின்றன. ஒரே ஓட்டுநரின் லாரி மூன்று முறை நின்றால் அவனுடைய உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். எசென்பெக்கின் லாரி இரண்டு முறை நின்றுவிட்டது. குளிர்காலத்தில் மனைவி குல்சாராவைப் பறிகொடுத்தவன். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். லாரியைத் தவிர வேறு தொழில் தெரியாது.

காரணம் கண்டுபிடிக்க நகரத்திலிருந்து எர்மெக் என்ற பொறியாளன் வந்தான்.

"தூங்குறாங்கக்கா. வேற என்ன?"

"எசென்பெக்கா? அவன் தூங்கி ஆறு மாசம் ஆச்சுப்பா."

"அப்போ இன்னைக்கு அவரோட நானே உக்காந்து பாக்குறேன். இன்னொரு தடவை நின்னா என் கையில ஒண்ணுமில்ல, சொல்லிட்டேன்."

அன்று வியாழக்கிழமை. போர்சோக் பலகாரம் பொரிக்க அனிபா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எசென்பெக்கின் லாரிக்கு நாலாவது கம்பத்தை முழங்கையால் அழுத்திவிட்டு, திரையை விட்டு ஜன்னலுக்கு வந்தாள். லாரி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ஆட்கள். இருவர் முகத்தையும் அவரவர் உள்ளங்கைகள் மூடியிருந்தன. லாரி முனகிக்கொண்டு நின்றது.

மாவுக் கையோடு ஓடினாள்.

"சத்தியமா தூங்கலக்கா," என்றான் எசென்பெக். முகம் வெளுத்திருந்தது.

"தூங்கலதான்," என்றான் எர்மெக் குழப்பத்தோடு. "மணி அடிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு. நடுவுல என்ன ஆச்சுன்னு நான் முழுசா பாக்கல."

"பாக்கத்தானே வந்த? ஏன் பாக்கல?"

"கொஞ்ச நேரம் கண்ண மூடியிருந்தேன்."

"ஏன் மூடின?"

எர்மெக் வெளியே பார்த்தான். சாலையை ஒட்டி, முதல் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை நீண்டு கிடந்தது கல்லறைத் தோட்டம். எங்கள் ஆட்கள் அதைக் கடக்கும்போது இரு கையையும் ஏந்தி, இறந்தவர்களுக்காக ஒரு துவா முணுமுணுத்து, முகத்தைத் தடவிக்கொள்வார்கள். கழுதையில் போனாலும் அப்படித்தான், மந்திரியின் காரில் போனாலும் அப்படித்தான். மூச்சு விடுவதுபோல, யாரும் யோசித்துச் செய்வதில்லை.

"இந்த இடத்தைக் குறிச்ச புண்ணியவான் யாரு?" என்றாள் அனிபா.

"நான்தான்கா. வரைபடத்துல பாத்தேன். நேரா, சமதளமா, அருமையா இருந்துச்சு."

"செத்தவங்களுக்கும் அதேதான் புடிச்சுது. சரி, நீ எவ்வளவு நேரம் ஓதின?"

"எனக்கு இங்க சொந்தம் யாருமில்ல. மூணு விநாடி இருக்கும்."

அவள் எசென்பெக்கைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா, சித்தப்பா..." என்று விரலை மடக்கியவன் நிறுத்தினான். "குல்சாராவுக்குக் கொஞ்சம் கூடுதலா ஆகும்க்கா."

பின்னால் நாற்பது லாரிகள் ஹார்ன் அடித்தன.

எர்மெக் படிவத்தை எடுத்தான். காரணத்துக்கு மூன்றே கட்டங்கள்: தூக்கம், கைப்பேசி, உடல்நலக் குறைவு.

"இதுல எதைப் போடுறது?"

"இடம் தப்புன்னு கட்டம் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்போ வரைஞ்சுக்கோ. படிச்சவன்தானே."

அவன் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்தான். 'கைமாற்றும் இடத்தைத் தவறாகக் குறித்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டான். கண்ணை மூடியிருந்தவர்கள் இருவர் என்று எழுதி, தன் பெயரையும் சேர்த்தான். தலைமை அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்துச் சிரித்தாராம், இன்னொருவர் திட்டினாராம். எப்படியோ, எசென்பெக்கின் மூன்று நிறுத்தங்களும் ரத்தாயின. கைமாற்றும் கம்பங்களைக் கல்லறைத் தோட்டம் தாண்டி நட்டார்கள்.

புதுக் கம்பங்கள் திறந்த அன்று காலை அனிபா மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. முதல்ல துவாவ முடிங்க, அப்புறந்தான் ஸ்டியரிங்கத் தருவேன். நீலத் தார்ப்பாய், ஒன்பதாவது கம்பம். எசென்பெக், உனக்குக் கடைசிக் கம்பம். நிதானமா பேசிட்டு வா."