மாப்பிள்ளை பார்க்கப் போய்க் குளித்தது

மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. கொழும்பில் வேலை. வீடு கொழும்புக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில். தினமும் ரயிலில் போய் வருகிறவர்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா. வேணாம்னா வேணாம்" என்றாள்.

நான் கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் ஓட்டோ ஓட்டுகிறவன். ஏறும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கேட்க வேண்டியது ஒன்றுதான். விடியும்போது ரயிலேறிப் பொழுதுபட வருகிறவர், என் மகளோடு எப்போது இருப்பார்? பதில் சரியில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடு போனேன்.

மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டேன். பையன் மாலை ரயிலில்தான் வருவார். கண்டியிலிருந்து ரயில் மாறி வந்ததில் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இந்தக் கோலத்திலா மாப்பிள்ளை பார்ப்பது? எதிரே அவ்வளவு தண்ணீர். மகாவலி ஆற்றில் குளித்து வளர்ந்த உடம்பு. வெயில் தணியும்வரை இருந்துவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு சவர்க்காரத்தோடு இறங்கினேன்.

கரையில் அங்கங்கே லீவுக்கு வந்த சனம். ஒருவரும் சவர்க்காரம் போடவில்லை. சுத்தம் தெரியாத ஆட்கள் என்று நினைத்தேன்.

நுரை வரவில்லை. மட்டமான சவர்க்காரம் போல என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தலையில் பசை மாதிரி அப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஓர் அலை என்னைப் புரட்டிக் கரையில் போட்டது. கண்ணில் உப்பும் மணலும். திறக்க முடியவில்லை.

ரயில் வந்து நிற்பது கேட்டது. வேலை விட்டவர்கள் பேசிக்கொண்டே மணல் வழியே வந்தார்கள். ஒரு குரல் பக்கத்தில் நின்றது.

"அங்கிள், கண்டியிலருந்தா?"

"எப்படித் தெரியும்?"

"கடல்ல சவர்க்காரம் போட வேற யாரு வரப்போறாங்க."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"எழும்புங்க அங்கிள். உங்க மகள் போட்டோ காட்டியிருக்காங்க. நான்தான் அந்தப் பையன்."

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். கிணற்றடியில் உட்கார வைத்து வாளி வாளியாக ஊற்றினார். கண்ணை மூடியபடியே என் கேள்வியைக் கேட்டேன். அதட்டலாகக் கேட்க நினைத்தது, தும்மலோடு வந்தது.

"விடிஞ்சா போறீங்க, பொழுதுபட வர்றீங்க. என் மகளோட எப்ப தம்பி இருப்பீங்க?"

"சனி, ஞாயிறு அங்கிள். அன்னைக்கு ஊர் முழுக்க வெளியாளுங்க. கடைக்குப் போகக்கூட ஏலாது. வீட்டுக்குள்ளதான் இருக்கணும்."

"சண்டை வந்தா?"

"வந்தாலும் வெளிய போக ஏலாது. சமாதானமாகிடணும். கொஞ்சம் குனிங்க, காதுக்குள்ள மண்."

எடை போட வந்தவன் குனிந்தேன்.

துவட்டிக்கொண்டு மகளுக்குப் போன் எடுத்தேன்.

"கல்யாணத்த வச்சுக்கலாம்."

"ஆளை நல்லாப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்" என்றேன். அப்போதும் ஒரு கண்தான் திறந்திருந்தது.