சம்மனசு உத்தியோகம்

அந்த நத்தார் எந்த வருடத்து நத்தார் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. பெரிய வெள்ளத்துக்குப் பிந்தியது என்பார் அம்மா. முந்தியது என்பாள் அக்கா. அக்கா சொல்வதை நான் இலகுவில் ஏற்பதில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வதுதான் சரி. வெள்ளம் வந்தது 2011 தை மாதம். அந்த வெள்ளத்தில் எங்கள் விறாந்தையில் நின்ற நடைவண்டில் மிதந்து துறைமுகத்துக்குள் போய்விட்டது. நான் சொல்லப்போகும் நத்தாரில் நடைவண்டில் வீட்டில்தான் நின்றது. ஆகவே அது 2010. டிசம்பர் 25, நத்தார், சனிக்கிழமையில் வந்தது. எனக்கு வயது ஏழு. நான் சம்மனசாக இருந்து களைத்துப்போயிருந்தேன்.

வானதூதரை எங்கள் வீட்டுக் கத்தோலிக்கத்தில் சம்மனசு என்றுதான் சொல்வோம். பாலன் இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைப்பது எங்கள் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையின் வேலை, அந்தப் பிள்ளைக்குச் சம்மனசு வேஷம். மற்ற வீடுகளில் நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்த பிறகுதான் பாலனை வைப்பார்கள். நாங்கள் இருபத்துநான்காம் திகதி பொழுதுபடும் நேரத்திலேயே வைத்துவிடுவோம். முன்னொரு வருடம் பாலனை ஏந்தி வந்த பிள்ளை நித்திரைத் தூக்கத்தில் குடிலுக்குள் விழுந்து, மாட்டின் கொம்பை முறித்துவிட்டதுதான் காரணம். அந்தப் பிள்ளை அப்பா. ஒற்றைக்கொம்பு மாடு இன்றைக்கும் குடிலில் நிற்கிறது.

ஒழுங்கு ஒன்றுதான்: பாலனை ஏந்தும் பிள்ளை வாசலிலிருந்து குடில்வரை தன் காலால் நடந்து போகவேண்டும். மூன்று வயதிலிருந்து அந்தப் பிள்ளை நான்தான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெள்ளை அங்கி, அக்கா முதல் நன்மை வாங்கியபோது போட்ட பழைய சட்டையை வெட்டித் தைத்தது. மட்டையில் வெட்டிய சிறகில் மாமா உண்மையான கோழி இறகு ஒட்டியிருந்தார். மார்கழி மழை ஈரத்தில் அது மணக்கும். பாலனை வைத்த பிறகும் விடுதலை கிடையாது. குடில் பார்க்க வருகிறவர்களுக்கு ரொபி இனிப்புக் கொடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் புறப்படும்வரை குடிலுக்குப் பக்கத்தில் குட்டிக் கதிரையில் இருக்கவேண்டும். முந்திய வருடம் அப்படி இருந்தபோது என் வகுப்புப் பெடியன்கள் இரண்டு பேர் வந்து ரொபியை வாங்கிக்கொண்டு, "கோழி குந்தியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் அந்த வருடம், அதே இரவில், கரோல் வள்ளத்தில் போவதாக முடிவாகியிருந்தது.

எங்கள் வளவின் பின்வேலி முடிகிற இடத்தில் உள்துறைமுகம் தொடங்குகிறது. மார்கழியில் வெளிக்கடல் ஆளை அண்டவிடாது, உள்ளே மட்டும் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். யுத்தம் முடிந்து அது இரண்டாவது நத்தார். பொழுதுபட்ட பிறகு வள்ளம் இறக்கப் பயப்படத் தேவையில்லை என்றாகியிருந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த இளைஞர்கள் மாமாவின் வள்ளத்தைக் கேட்டார்கள். அணியத்தில் நத்தார் தாத்தா, நடுவில் ஆர்மோனியமும் மத்தளமும், பின்னால் மூங்கிலில் உயர்த்திக் கட்டிய வெளிச்ச நட்சத்திரம். கரையோர வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் எஞ்சினை நிறுத்திப் பாடிவிட்டு அடுத்த வீடு. ஒழுங்கையில் கால் முளைத்த பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் இருந்தது. அக்காவுக்கு இரண்டாம் வரிசையில் இடம்.

"சம்மனசுகள் வள்ளத்தில ஏற ஏலாது. சிறகு நனைஞ்சிடும்," என்றாள் அக்கா.

நான் அப்பாவிடம் போனேன். அப்பாவிடம் கெஞ்சிப் பயனில்லை, குடும்ப ஒழுங்குமுறையைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். ஆகவே மாமியின் மகனைச் சுட்டிக்காட்டினேன். மாமி அப்பாவின் தங்கை, வள்ளக்கார மாமாவின் மனைவி. ஒரே வளவில் அடுத்த வீடு. முறைப்படி அவருடைய மகன் எனக்கு மச்சான், நான் அவனை மச்சான் என்றேதான் கூப்பிடுவேன். வருகிற மாசியில் மச்சானுக்கு இரண்டு வயது முடியவிருந்தது.

"கடைசிப் பிள்ளை இப்ப மச்சான்தானே அப்பா?"

"ஓம். ஆனா அவன் இன்னும் நடக்கேல்லையே."

"நத்தாருக்குள்ள நடந்தா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். சோறு கொதிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நடந்தா அவன்தான் சம்மனசு," என்றார் அப்பா. "நீ போய் வள்ளத்தில ஏறு."

அன்று மார்கழி முதல் கிழமை. குடிலுக்குப் புல் வேண்டும் என்று வெறும் மீன்ரின் தகரங்களில் நெல் விதைத்த நாள் அது. நெல் வளர்வதற்குள் மச்சானும் நடந்துவிடுவான் என்று நான் கணக்குப் போட்டேன்.

மச்சான் நல்ல கொழுகொழுத்த, சந்தோஷமான ஆள். தவழுவதில் அவனை யாரும் பிடிக்க ஏலாது. சுவரைப் பிடித்தும் கதிரையைப் பிடித்தும் நிற்பான். பிடித்த கையை எடுத்துவிட்டால் எந்தக் கவலையும் இல்லாமல் அப்படியே கீழே இருந்துவிடுவான். அழுவதும் இல்லை. நடக்காத குறை அவனுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்குத்தான் அது பெருங்குறை.

நடைவண்டில் றாத்தா வீட்டிலிருந்து வந்தது. றாத்தா மூதூரிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியேறியவர். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் எங்களுக்கு வரும், நத்தாருக்குப் பிராந்தி சேர்க்காத கேக் அவருக்கென்று தனியாகப் போகும். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வண்டில் சும்மா கிடந்தது.

"வண்டில் நல்ல வண்டில் மகன்," என்றார் றாத்தா. "ஆனா தள்ளவேணும் எண்டு அவருக்கும் ஒரு எண்ணம் வரவேணுமே."

எண்ணம் வந்தது, ஆனால் வேறு எண்ணம். மச்சான் வண்டிலின் குறுக்குக் கட்டையில் ஏறி இருந்துகொண்டு, என்னைத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினான். இரண்டு நாட்கள் விறாந்தையின் நீளத்துக்கு நான் அவனைத் தள்ளினேன். மூன்றாம் நாள் கேக் துண்டு ஒன்றை எட்டத்தில் காட்டி நின்றேன். தவழ்ந்து வந்து தின்றான்.

பின்னேரங்களில் மாமி எங்கள் விறாந்தைக்கு வந்து நிலத்தில் இருப்பார். கையில் எண்ணெயில் பொரிக்கும் கொக்கிஸ் பலகாரத்துக்கு மாவோ தைத்துக்கொண்டிருக்கும் துணியோ இருக்கும். வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்.

"என்ன மருமகன், உங்கட மச்சான் இண்டைக்கு என்ன செய்தவர்?"

"கதிரையை விட்டிட்டு நிண்டவர் மாமி. கொஞ்ச நேரம்தான்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்கள் கண்ணை மூடித் திறக்கிற நேரம்."

"கால் நடுங்கினதே?"

"இல்லை. சிரிச்சவர்."

இத்தனை நுணுக்கமாக வேறு யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எந்தக் காலை முதலில் எடுக்கப் பார்த்தான், குதி நிலத்தில் பட்டதா, விழுந்தபோது எந்தப் பக்கம் விழுந்தான் என்றெல்லாம் கேட்பார். நான் தளபதியிடம் செய்தி சொல்வதுபோல நிமிர்ந்து நின்று சொல்வேன். சொல்லி முடித்ததும் ஒரு கொக்கிஸ் கிடைக்கும். புதன்கிழமைகளில் மட்டும் மாமி வரமாட்டார், மச்சானைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது குடை இருந்தும் முகம் நனைந்திருக்கும். மார்கழி மழைக்கு ஒரு குடை போதாது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

நெல் விரல் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒரு பின்னேரம், வேறு வழியில்லாமல், ஒரு துவாயின் ஒரு முனையை மச்சானிடம் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்து இழுத்தேன். அது அவனுக்குப் பிடித்துவிட்டது. துவாய் இறுக்கமாக இருக்கும்வரை வாத்துப்போல வந்தான். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் மாமா வள்ளத்தின் எஞ்சினைப் போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. நான் துவாயைப் போட்டுவிட்டு யன்னலுக்கு ஓடினேன். நட்சத்திரத்துக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பினால் மச்சான் எனக்குப் பக்கத்தில் நிற்கிறான். சுவர் இல்லை, கதிரை இல்லை. தன் முனைத் துவாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறான். மறுமுனை நிலத்தில் இழுபட்டுக் கிடக்கிறது.

வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். கொக்கிஸ் அச்சு கையில் இருக்க, எண்ணெய் சொட்டச் சொட்ட மாமி ஓடி வந்தார். அம்மாவும் அக்காவும் வந்தார்கள். எல்லோரும் வட்டமாக நின்று பார்த்தார்கள். மச்சான் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே இருந்துவிட்டான்.

"கரோலுக்குப் போறதுக்காக என்ன கதையும் கதைப்பான்," என்றாள் அக்கா.

மாமி அச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குக் கொக்கிஸ் கிடைக்கவில்லை. பிறகு வந்த நாட்களில் மச்சான் எனக்குக்கூட நடந்து காட்டவில்லை.

இருபத்துநான்காம் திகதி வந்தது. மழை விட்டிருந்தது. வீட்டு மண்டப மூலையில் குடில் தயார்: வைக்கோல் கூரை, ஒற்றைக்கொம்பு மாடு, மீன்ரின்களில் பச்சைப் பசேலென்று நெல். பொழுது சாய்கிறபோது எனக்கு அங்கியைப் போட்டுச் சிறகைக் கட்டிவிட்டார் அம்மா. பின்பக்கம் ஆர்மோனியத்தை வள்ளத்தில் ஏற்றுகிறார்கள். நத்தார் தாத்தாவின் முகமூடியைப் பெடியன்கள் மாறி மாறிப் போட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அக்கா புதுச்சட்டையுடன் எங்கும் நிற்காமல் ஓடித்திரிகிறாள்.

அப்பா அலுமாரியைத் திறந்து, பஞ்சில் சுற்றியிருந்த பாலனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மச்சானுக்கு ஒருக்கா குடுத்துப் பாப்பம் அப்பா. ஒரே ஒருக்கா."

"இவர் நடந்து முடியிறதுக்குள்ள வள்ளம் அக்கரைக் கிண்ணியாவுக்குப் போய்த் திரும்பிடும்," என்றாள் அக்கா.

மாமி மச்சானை இடுப்பில் வைத்திருந்தார். "வேண்டாம் அண்ணா," என்றார். "எல்லாருக்கும் முன்னால வேண்டாம். ஏலாதெண்டா ஏலாதுதானே. மருமகனே வைக்கட்டும்." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

"துவாய் இல்லாமத்தான் மாமி அவர் இருந்திடுறவர்," என்றேன். "கையில பிடிக்க ஏதாவது இருந்தா நடப்பார். நான் கண்டனான்."

மாமி என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து மச்சானை வாசற்படிக்கு உட்புறம் இறக்கி, நிலைமரத்தைப் பிடித்து நிற்கவைத்தார்.

நான் பாலனை அவனுடைய வயிற்றோடு வைத்து அழுத்தினேன். பாலன் சுண்ணாம்பில் செய்தது, விழுந்தால் தூள். "ஐயோ, உடையப்போகுது," என்று அம்மா முணுமுணுத்தார். நிலைமரத்திலிருந்து மச்சானின் ஒரு கை வந்தது. பிறகு மற்றக் கையும் வந்தது. பாலனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, தன்னை யாரோ நன்றாகப் பிடித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு நின்றான். நான் பின்வாங்கிக் குடிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"வாங்கோ மச்சான்," என்றேன். "வள்ளம் வெளிக்கிடப் போகுது."

அவன் வெளிக்கிட்டான். வலது கால் முன்னால் வந்தது, உடம்பு ஒரு பக்கம் சரிந்து மறுபடி நிமிர்ந்தது, இடது கால் வந்தது. கயிற்றுச் சுருளோடு பின்வாசலில் வந்து நின்ற மாமா அப்படியே நின்றுவிட்டார். நடு மண்டபத்தில் ஒரு தடவை மச்சான் நின்று பாலனின் முகத்தைப் பார்த்தான். போச்சு, கீழே இருக்கப்போகிறான் என்று நினைத்தேன். இருக்கவில்லை. பாலனின் தலையை வாய்க்குள் வைத்துக்கொண்டு மிச்சத் தூரத்தையும் நடந்து வந்தான். நெற்பயிர்மேல் இடித்து நின்று, வைக்கோலில் பாலனைக் குப்புறப் போட்டுவிட்டு, மாட்டை எடுத்தான்.

நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்குள் சிறகைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கியை இடுப்புக்கு உயர்த்திக்கொண்டு பின்வளவால் ஓடியிருந்தேன். தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் தொற்றி ஏறி, அணியத்தில் நத்தார் தாத்தாவுக்கென்று விட்டிருந்த பலகையிலேயே போய் இருந்தேன். தலைக்கு மேல் நட்சத்திரம் எரிந்தது. அக்கரையில் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாகக் கொளுத்தப்பட்டன. இனி எஞ்சினைப் போடவேண்டியதுதான்.

ஆனால் எஞ்சினைப் போட ஆள் வரவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன், வரவில்லை. பெடியன்கள் எல்லோரும் எங்கள் பின்வாசலில் குவிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பொறுக்கமுடியாமல் இறங்கிப் போனேன். மாமி நிலத்தில் மச்சானைக் கட்டிப்பிடித்தபடி இருந்து அழுதுகொண்டிருந்தார். மாமா கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மாவின் கண்ணிலும் தண்ணீர். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி, ஏற்கனவே நேராகத் தொங்கிய கலண்டரை நேராக்கிக்கொண்டிருந்தார். பாலனுக்கு ஏதோ உடைவு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். எச்சில் மட்டும்தான்.

"மாமா, நேரம் போகுது," என்றேன்.

மாமா சிரித்துக்கொண்டே எழுந்தார். மாமி என் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். என் முகமெல்லாம் ஈரமாகிவிட்டது.

"போட்டு வா ராசா," என்றார். "சந்தோஷமாப் போட்டு வா. முன்னுக்கு இருந்து நல்லாப் பாடு."

பாடினேன். அங்கியோடேயே, அக்காவுக்கு முன்வரிசையில் இருந்து, தொண்டை கட்டும்வரை பாடினேன். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் எஞ்சின் ஓய்ந்து, கரையில் விளக்கோடு ஆட்கள் வந்து நிற்கிறபோது, மாமியின் நினைவுதான் வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் வந்திருந்து, எந்தக் கால், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கேட்டு, நான் கரோலுக்குப் போகவேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். போகக் கிடைத்ததும் சந்தோஷத்தில் அழுதே விட்டார். அடுத்த பல நத்தார்களுக்கு, வீட்டில் கேக் வெட்டியதும் என் பங்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டுபோய் மாமியிடம் கொடுத்துவந்தேன். எனக்காக அவ்வளவு பாடுபட்டவருக்கு அதையாவது செய்யவேண்டாமா என்று நினைத்து.