பச்சைப் பால்

ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்சந்தில் ஓர் அக்கா மூன்று மாடுகள் வைத்திருந்தார். காலை நடை முடிந்து திரும்பும்போது அங்கே நின்று, கறந்த சூடு ஆறாத பாலை ஒரு டம்ளர் வாங்கி அப்படியே குடிப்பேன். பச்சைப் பால்தான் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். என் மனைவி வேண்டாம் என்பாள். வீட்டுக்கு வாங்கும் பாலை அவள் பொங்கப் பொங்கக் காய்ச்சிவிடுவாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. பகலில் ஒன்றும் இருக்காது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிந்து கம்பெனி காரில் திரும்பும்போது குளிர ஆரம்பிக்கும். வீடு சேர்வதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். மூட்டுக்கு மூட்டு வலி. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்றார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான், "பச்சைப் பால் குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது: மாட்டிடமிருந்து வரும் தொற்று. பல வாரங்கள் மாத்திரை சாப்பிட வேண்டும். காய்ச்சிக் குடித்திருந்தால் வந்திருக்காது என்றார். எனக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவளோ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்காகிட்ட எப்படிச் சொல்றது? அவங்க பொழப்பு போயிடும்" என்றேன்.

"அவங்க வீட்லயும் அந்தப் பாலைத்தானே குடிக்கிறாங்க? வாங்க, நானும் வரேன்."

அக்கா சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் கூடையைக் கீழே வைத்தார். சண்டை போடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே ஜொரம்தான் சார். இடுப்பு புடிச்சிக்கினு எழுந்திருக்கவே மாட்றாரு. மூட்டை தூக்கினதால வந்துச்சின்னு எண்ணெ தேச்சிக்கினு கெடக்கறேன்" என்றவர், சிவப்பு மாட்டைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்குக் கன்னு கொறைமாசத்துல விழுந்துச்சி. அவருதான் வெறுங்கையால எடுத்துப் போட்டாரு."

அன்றே மனைவி அவர்களை ஆட்டோவில் எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அக்காவின் கணவருக்கும் அதே நோய்; அந்தக் கன்றை வெறுங்கையால் தொட்டதிலும் ஒட்டியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. கால்நடை டாக்டர் வந்து பார்த்ததில், மூன்றில் சிவப்பு மாட்டுக்கு மட்டும் தொற்று இருந்தது.

வியாபாரி ஒருவர் அதை விலைக்குக் கேட்டு வந்தபோது நான் அங்கே இருந்தேன். "வித்தா இன்னொருத்தர் வீட்டுக்குத்தானே போவும்? வேணாம்பா" என்று அக்கா அனுப்பிவிட்டார். டாக்டர் சொன்னபடி அதைத் தனியாகக் கொட்டகையின் கோடியில் கட்டினார். அதன் பாலை யாருக்கும் ஊற்றவில்லை. கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார். ஆனால் தீவனம் போடும்போது அதனிடம் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் அவரே போய், "நல்லா காய்ச்சிக் குடிங்க, கொழந்தைங்களுக்குப் பச்சையா குடுக்காதீங்க" என்று காரணத்தோடு சொன்னார். சிலர் பால் வாங்குவதை நிறுத்தினார்கள். பெரும்பாலானோர் நிறுத்தவில்லை.

எனக்குக் காய்ச்சல் விட்டது. சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். அக்காவின் கணவர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்திருந்தார்.

"யாரும் புடிக்கல சார், நானே ஏறிட்டேன்" என்று சிரித்தார்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, காபி கலக்க உள்ளே போனாள்.