கிணற்றடியில் அவள் ஊற்றிய தண்ணீர்

செத்துப்போனவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டுக்காரம்மாவை நான் திட்டுவேன்.

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வளவில் எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே கிணறு. கல்யாணமாகி வந்த வருஷம் என் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்தது.

"ஒட்டுவாரொட்டி வியாதி. நீ கயித்தத் தொடாத, நானே எறச்சு ஊத்துறேன்" என்றாள் வீட்டுக்காரம்மா.

அவளுக்கோ கண்வலி. சிவந்த கண்ணைத் துடைத்த கையாலேயே வாளித் தண்ணீரில் தூசி எடுப்பாள். பிறகு என் குடத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்றுவாள். அதில்தான் நான் முகம் கழுவினேன்.

காலைக் காட்ட நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். டாக்டர் என் காலைக் கீறும்போது, "இவ சீழு எங்களுக்கு ஒட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"ஆணி வழியா கிருமி உள்ள போயிருக்கு. அது அவங்க காலோட சரி. அடுத்தவங்களுக்கு ஒட்டுறது ஒங்க கண்ணுவலிதாம்மா."

இரண்டொரு நாளில் எனக்கும் வளவில் பலருக்கும் கண் சிவந்தது.

"எல்லாம் அவ கால் சீழுதான்" என்று வீட்டுக்காரம்மா கிணற்றடியில் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

தழும்பு மங்கிவிட்டது. இன்றும் யாராவது எனக்குத் தண்ணீர் ஊற்ற வந்தால், முதலில் அவர்கள் கண்ணைத்தான் பார்க்கிறேன்.